ரெஸ்டிக் 0.12-இலிருந்து 0.18-க்கு: எந்தக் கட்டளை எதற்கு, எந்த வரிசையில்

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டிருப்பது இது. விண்டோஸ் கணினிகள் எட்டு, அதில் ஒன்று இன்னும் விண்டோஸ் 7. மூலையில் உபுண்டு 22.04 போட்ட பழைய கணினி ஒன்று, அதில் ரெஸ்ட்-சர்வர் (மற்றக் கணினிகளின் பேக்கப்பை வாங்கி வைக்கும் நிரல்) ஓடுகிறது. தினமும் இரவு எல்லாக் கணினிகளும் ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலின் 0.12.1 பதிப்பு வழியாக ஒரே ரெப்போவுக்குள் (பேக்கப்புகள் சேரும் களஞ்சியம்) பேக்கப் எடுக்கின்றன. 1 டிபி டிஸ்க்கில் 410 ஜிபி ஆகிவிட்டது. "அண்ணாச்சி, புதுசு போட்டா பழைய பேக்கப்பு போயிருமா? புதுக் கட்டளையில எங்களுக்கு எதெல்லாம் ஆகும்?"

போகாது. 0.18 பதிப்பு பழைய ரெப்போவை அப்படியே படிக்கும், எழுதும். சிக்கல் மறுபக்கத்தில்தான். ரெப்போவைப் புது வடிவத்துக்கு மாற்றிவிட்டால் 0.14-க்கு முந்தைய எந்தப் பதிப்பாலும் அதைத் திறக்க முடியாது. அதனால் முதலில் எல்லாக் கணினிகளிலும் புது நிரல், பிறகுதான் ரெப்போ. இந்த வரிசையை மாற்றினால் மறுநாள் காலையில் புது நிரல் போடாத கணினிகள் பேக்கப் இல்லாமல் நிற்கும்.

கட்டளைகளைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது அத்தனையும் ஆங்கிலச் சிறிய எழுத்து. இரட்டைக் கோடு வரும் இடத்தில் இடைவெளி விடாமல் இரண்டு ஹைஃபன்.

நிரலை மாற்றும்போது விண்டோஸில் வேலை எளிது, பழைய ஃபைல் இருந்த இடத்திலேயே புதியதை வைத்தால் போதும். உபுண்டுவில்தான் ஒரு பொறி. ஆப்ட் (உபுண்டுவின் நிரல் நிறுவி) வழியாக வந்த 0.12.1 யூஎஸ்ஆர்-பின் ஃபோல்டரில் இருக்கும். நீங்கள் இறக்கும் புதியதை வழக்கப்படி யூஎஸ்ஆர்-லோக்கல்-பின்னில் வைப்பீர்கள். டெர்மினலில் 'ரெஸ்டிக் வெர்ஷன்' அடித்தால் 0.18 என்று காட்டும், திருப்தியாகப் போய்விடுவீர்கள். ஆனால் பயனரின் கிரான்டேப் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானின் பட்டியல்) தேடும் பாதையில் யூஎஸ்ஆர்-பின்னும் பின்னும் மட்டும்தான் உண்டு, லோக்கல் கிடையாது. இரவில் கிரான் கூப்பிடுவது பழைய 0.12.1-ஐத்தான். பழையதை ஆப்ட் வழியாகவே நீக்கிவிடுங்கள். அதோடு கிரான் வரியில் நிரலின் முழுப் பாதையையும் எழுதுங்கள்.

விண்டோஸ் 7 கணினியில் 0.18 ஓடாது. அந்த நிரல் கட்டப்படும் கோ மொழியே பதிப்பு 1.21 முதல் விண்டோஸ் 10-க்குக் கீழே ஆதரிப்பதில்லை. அந்தக் கணினியின் டேட்டா ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து ஷேர் செய்து, உபுண்டுவில் மவுன்ட் செய்து, அங்கிருந்தே பேக்கப் எடுங்கள். அப்போது மறக்காமல் '--ஹோஸ்ட்' போட்டு அந்தக் கணினியின் பழைய பெயரையே கொடுங்கள். ஏன் என்பது பழைய பேக்கப்புகளைக் கழிக்கும் ஃபர்கெட் கட்டளையைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

இனி ரெப்போ. 2022 ஆகஸ்டில் வந்த 0.14-இல்தான் சுருக்கம் என்கிற கம்ப்ரெஷன் வந்தது, அதற்கு ரெப்போ வடிவம் 2 வேண்டும். 'ரெஸ்டிக் கேட் கான்ஃபிக்' அடித்துப் பாருங்கள், உங்களுடையது வெர்ஷன் 1 என்று காட்டும். மாற்ற இரண்டு வழி உண்டு. இருக்கும் ரெப்போவிலேயே மாற்றுவது ஒன்று:

ரெஸ்டிக் மைக்ரேட் அப்கிரேட்_ரெப்போ_வி2
ரெஸ்டிக் ப்ரூன் --ரீபேக்-அன்கம்ப்ரெஸ்டு --மேக்ஸ்-ரீபேக்-சைஸ் 50ஜி

முதல் வரி ரெப்போவைச் சோதித்துவிட்டு வடிவத்தை மாற்றும். அது பழைய டேட்டாவைச் சுருக்காது. சுருக்குவது இரண்டாவது வரி; ப்ரூன் என்பது பயன்படாத டேட்டாவை அகற்றி இடத்தை மீட்கும் கட்டளை. ஒரு தடவைக்கு 50 ஜிபி என்று வரம்பு வைத்திருப்பதால் பல இரவுகளாகப் பிரித்து ஓட்டலாம். வரம்பு இல்லாமல் விட்டால் 410 ஜிபியையும் படித்துத் திரும்ப எழுதும், நடுவில் கரண்ட் போகும்.

உங்கள் நிலைமையில் நான் சொல்வது இரண்டாவது வழி. அந்த டிஸ்க் 2021-இலிருந்து ஓடுகிறது என்றால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் புது ரெப்போ தொடங்கி, பழையதைத் தொடாமல் ஸ்னாப்ஷாட்டுகளை (ஒவ்வொரு தடவை எடுத்த பேக்கப்பும் ஒரு ஸ்னாப்ஷாட்) பிரதி எடுங்கள்:

ரெஸ்டிக் இனிட் --ரெப்போ <புதியது> --ஃப்ரம்-ரெப்போ <பழையது> --காப்பி-சங்க்கர்-பாராம்ஸ்
ரெஸ்டிக் காப்பி --ரெப்போ <புதியது> --ஃப்ரம்-ரெப்போ <பழையது>

0.14 முதல் தொடங்கும் ரெப்போ தானாகவே வடிவம் 2. காப்பி ஓடும்போதே சுருக்கியும் விடும். பாதியில் நின்றால் அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள், ஏற்கெனவே முடிந்த ஸ்னாப்ஷாட்டுகளைத் தாண்டிப் போகும். இனிட் வரியின் கடைசியில் உள்ள '--காப்பி-சங்க்கர்-பாராம்ஸ்' ஏன் என்றால், ரெஸ்டிக் ஒவ்வொரு ஃபைலையும் 512 கேபி முதல் 8 எம்பி வரையான துண்டுகளாக வெட்டுகிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கான கணக்கு ரெப்போவுக்கு ரெப்போ மாறும். அதை விட்டுவிட்டால் பழைய ரெப்போவிலிருந்து வந்த ஃபைலும் நாளைக்கு நேரடியாக வரும் அதே ஃபைலும் வேறு வேறு இடத்தில் வெட்டுப்பட்டு, ஒரே டேட்டா இரண்டு தடவை இடம் பிடிக்கும். ரெப்போ தொடங்கிய பிறகு இதை மாற்ற வழியில்லை. புதியதில் ஒரு மாதம் சரியாக ஓடிய பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள், அழிக்க வேண்டாம்.

எவ்வளவு சுருங்கும் என்றால், டேலி டேட்டாவும் எக்ஸ்எம்எல், எஸ்க்யூஎல் டம்ப்புகளும் நன்றாகவே சுருங்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப், போட்டோ, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகியவை ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றில் ஒன்றும் கிடைக்காது. 'ரெஸ்டிக் ஸ்டாட்ஸ் --மோட் ரா-டேட்டா' உங்கள் ரெப்போவின் விகிதத்தைக் காட்டும். '--கம்ப்ரெஷன் மேக்ஸ்' போட ஆசை வரும். பழைய சிபியூ உள்ள கணினிகளில் வேண்டாம், 'ஆட்டோ' போதும்.

எல்லோரும் பேசுவது இந்தச் சுருக்கத்தைத்தான். ஆடிட்டர் அலுவலகத்துக்கு அதைவிடப் பெரிய விஷயம், பேக்கப் எடுபடாதபோது ரெஸ்டிக் அதை எப்படிச் சொல்கிறது என்பது. 0.17 முதல் வெளியேறும் எண்கள் (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 0 என்றால் முடிந்தது. 1 பொதுவான தோல்வி. 3 என்றால் சில ஃபைல்களைப் படிக்க முடியவில்லை. 10 என்றால் அந்த இடத்தில் ரெப்போவே இல்லை, டிஸ்க் மவுன்ட் ஆகாதபோது பெரும்பாலும் இதுதான் வரும். 11 என்றால் ரெப்போவின் பூட்டு கிடைக்கவில்லை, வேறொரு வேலை அதைப் பிடித்திருக்கிறது. 0.17.1 முதல் தவறான பாஸ்வேர்டுக்கு 12.

இதில் ஏமாற்றுவது 3. டேலி திறந்திருக்கும்போது பேக்கப் ஓடினால், பூட்டப்பட்ட ஃபைல்களை விட்டுவிட்டு மற்றவற்றை வைத்து ஸ்னாப்ஷாட் உருவாகிவிடும். பட்டியலில் பார்த்தால் தேதி இருக்கும், நேரம் இருக்கும், எல்லாம் நல்லபடியாகத் தெரியும். உள்ளே அந்த கம்பெனி ஃபோல்டரில் நாலு ஃபைல் குறையும். உங்கள் பேட்ச் ஃபைலில் 'இஃப் எரர்லெவல் 3' என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பேட்ச் மொழியில் அதற்குப் பொருள் '3 அல்லது அதற்கு மேல்', 10-ம் 11-ம் 12-ம் அதிலேயே விழுந்துவிடும். சதவீதக் குறிகளுக்குள் எரர்லெவல் என்று எழுதி 'ஈக்யூயூ 3' (ஈ, க்யூ, யூ என மூன்று எழுத்து) என ஒப்பிடுங்கள். உபுண்டுவில் வெளியீட்டை 'டீ' கட்டளை வழியாகப் பதிவு ஃபைலுக்குத் திருப்பியிருந்தால் கிடைப்பது டீயின் எண், அது எப்போதும் 0. பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' வேண்டும்.

டேலி திறந்திருந்தாலும் சரியாக எடுக்க, விண்டோஸில் '--யூஸ்-எஃப்எஸ்-ஸ்னாப்ஷாட்' போடுங்கள், விண்டோஸ் டிஸ்க்கின் நிழல் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுக்கும், பேக்கப் அதிலிருந்து ஓடும். இது உங்கள் பழைய 0.12.1-லேயே உண்டு, பலர் போடுவதில்லை. இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும், டாஸ்க் ஷெட்யூலரில் 'ரன் வித் ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். செய்தபின் இன்னொன்று நடக்கும்: இசட் டிரைவ் என்று மேப் செய்து வைத்திருந்த நெட்வொர்க் டிரைவ் அந்த உரிமையில் ஓடும் நிரலுக்குக் கண்ணில் படாது. நிழல் பிரதியும் உள்ளூர் டிஸ்க்குக்கு மட்டும்தான். அதனால் டேலி டேட்டா எந்தக் கணினியின் டிஸ்க்கில் உண்மையில் இருக்கிறதோ அங்கேயே பேக்கப் ஓட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் ஏதாவது ஓடினால் 0.17-இல் வந்த '--எஸ்டிடின்-ஃப்ரம்-கமாண்ட்' உங்களுக்கு ஆகும். முன்பு டம்ப் எடுக்கும் நிரலைக் குழாய்க் குறி போட்டு ரெஸ்டிக்குக்குள் விடுவோம். டம்ப் பாதியில் செத்தாலும் ரெஸ்டிக்குக்குத் தெரியாது, வந்த பாதியை வாங்கிக்கொண்டு 0 என்று சொல்லிவிடும். இப்போது ரெஸ்டிக்கே அந்த நிரலை ஓட்டுகிறது, அது தோற்றால் ஸ்னாப்ஷாட் உருவாகாது.

ரெஸ்டிக் பேக்கப் --எஸ்டிடின்-ஃபைல்நேம் <பெயர்> --எஸ்டிடின்-ஃப்ரம்-கமாண்ட் -- மைஎஸ்க்யூஎல்டம்ப் <டேட்டாபேஸ்>

நடுவில் தனியாக நிற்கும் இரட்டைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். விட்டால் டம்ப்புக்குக் கொடுக்கும் விருப்பங்களை ரெஸ்டிக் தனக்கென்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும்.

'--ஸ்கிப்-இஃப்-அன்சேஞ்ச்டு' என்று ஒன்றும் 0.17-இல் வந்தது. ஃபைல் எதுவும் மாறவில்லை என்றால் ஸ்னாப்ஷாட் போடாது. பட்டியல் சுத்தமாக இருக்கும் என்பது சரி. ஆனால் பொங்கலுக்கு நாலு நாள் பூட்டிய அலுவலகத்தில் நாலு நாள் ஸ்னாப்ஷாட் இல்லை என்றால், வேலை இல்லாததால் இல்லையா, பேக்கப் செத்ததால் இல்லையா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டாம் என்பேன். யாராவது ஒன்டிரைவ் வைத்திருந்தால் 0.18-இல் வந்த '--எக்ஸ்க்ளூட்-க்ளவுட்-ஃபைல்ஸ்' போடுங்கள். இல்லாவிட்டால் இணையத்தில் மட்டும் இருக்கும் ஃபைல்களையெல்லாம் பேக்கப் இரவோடு இரவாக இறக்கிக்கொண்டிருக்கும்.

பூட்டு விஷயம். பேக்கப்புகள் ஒரே நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் ஓடலாம், ஒன்றுக்கொன்று இடையூறு இல்லை. ஃபர்கெட், ப்ரூன், செக் ஆகியவற்றுக்கு மட்டும் தனிப் பூட்டு வேண்டும். ப்ரூன் ஓடும்போது ஒரு கணினி பேக்கப்புக்கு வந்தால் முன்பு அப்படியே திரும்பிப் போய்விடும். 0.16 முதல் '--ரீட்ரை-லாக் 30எம்' என்று கொடுத்தால் 30 நிமிடம் வரை காத்திருந்து பார்க்கும். எல்லாக் கணினிகளின் பேக்கப் வரியிலும் இதைச் சேர்த்துவிடுங்கள். கரண்ட் போய் நின்ற பூட்டை 'ரெஸ்டிக் அன்லாக்' எடுத்துவிடும், 30 நிமிடமாகப் புதுப்பிக்கப்படாததை அது செத்த பூட்டாகக் கருதும். '--ரிமூவ்-ஆல்' போட்டு எல்லாப் பூட்டுகளையும் பிடுங்கும் பழக்கம் வேண்டாம். ப்ரூன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தால் ரெப்போ கெடும்.

ரெஸ்ட்-சர்வரை '--அப்பென்ட்-ஒன்லி' போட்டு ஓட்டுங்கள். ஏதோ ஒரு கணினியில் ரேன்சம்வேர் புகுந்தாலும் அந்தக் கணினியின் வழியாகப் பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்க முடியாது. அதன்பின் ஃபர்கெட்டும் ப்ரூனும் சர்வரிலேயே, டிஸ்க் பாதையை நேரடியாகக் கொடுத்து ஓட்டப்பட வேண்டும். ரெஸ்ட்-சர்வர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அதே பயனராக ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் ப்ரூன் எழுதும் புது ஃபைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகி, அன்று இரவு எட்டுக் கணினிகளும் அனுமதி மறுக்கப்பட்டது என்று நிற்கும்.

ஃபர்கெட்டில்தான் ஆடிட்டர் அலுவலகம் மற்ற அலுவலகங்களிலிருந்து வேறுபடுகிறது. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டு, ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். சரி என்று '--கீப்-டெய்லி 14 --கீப்-வீக்லி 8 --கீப்-மன்த்லி 12 --கீப்-இயர்லி 9' என்று போடுவீர்கள். ஆனால் கீப்-இயர்லி வைத்துக்கொள்வது அந்தக் காலண்டர் ஆண்டின் கடைசி ஸ்னாப்ஷாட்டை, அதாவது டிசம்பர் 31. உங்களுக்கு வேண்டியதோ மார்ச் 31 கணக்கு, அதுவும் ஆடிட் முடிந்து கையெழுத்தான நாளின் நிலை. அது ஒரு வருடம் கழிந்ததும் மன்த்லி கணக்கிலிருந்தும் விழுந்துவிடும். அதனால் கணக்கு முடிந்த அன்றைய ஸ்னாப்ஷாட்டுக்கு ஓர் அடையாளம் போட்டு, ஃபர்கெட்டில் அதைக் காப்பாற்றச் சொல்லுங்கள்:

ரெஸ்டிக் டேக் --ஆட் எஃப்ஒய்2025 <ஸ்னாப்ஷாட் எண்>
ரெஸ்டிக் ஃபர்கெட் --கீப்-டேக் எஃப்ஒய்2025 (மேலே சொன்ன கீப்களுடன்) --டிரை-ரன்

டேக் போட்டால் ஸ்னாப்ஷாட்டின் எண் மாறும், பழைய எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தால் அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். இதையும் சர்வரில்தான் செய்ய வேண்டும். அப்பென்ட்-ஒன்லி வழியாகச் செய்தால் பழையதை நீக்க முடியாமல் இரண்டும் நிற்கும்.

ஃபர்கெட் ஸ்னாப்ஷாட்டுகளைக் கணினிப் பெயர், ஃபோல்டர் பாதை இரண்டையும் வைத்துக் குழுவாகப் பிரிக்கும். ஒரு கணினியின் பெயரை மாற்றினாலோ, பேக்கப் வரியில் ஒரு ஃபோல்டரைக் கூடுதலாகச் சேர்த்தாலோ அது புதுக் குழு. பழைய குழுவில் இனி ஸ்னாப்ஷாட் சேராது, அதில் உள்ளவை காலாவதி ஆகாமல் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 7 கணினிக்கு '--ஹோஸ்ட்' போடச் சொன்னது இதற்குத்தான். அங்கே பாதையும் மாறுகிறது என்பதால் ஃபர்கெட்டில் '--க்ரூப்-பை ஹோஸ்ட்' கொடுத்தால் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரே கணினியில் இரண்டு தனித்தனிப் பேக்கப் வேலைகள் ஓடினால் அதைக் கொடுக்காதீர்கள். ஒன்று மற்றதைத் தள்ளிவிடும்.

யாரோ கல்யாண வீடியோவை டி டிரைவில் கொட்டி, அது 60 ஸ்னாப்ஷாட்டுகளில் ஏறிவிட்டது என்றால் 0.15-இல் வந்த ரீரைட் இருக்கிறது. 'ரெஸ்டிக் ரீரைட் --எக்ஸ்க்ளூட் <ஃபோல்டர்> --ஃபர்கெட்' அதை மட்டும் எல்லா ஸ்னாப்ஷாட்டுகளிலிருந்தும் எடுத்துவிடும். டிஸ்க்கில் இடம் வருவது அடுத்த ப்ரூனுக்குப் பிறகுதான். 'ரீபில்ட்-இண்டெக்ஸ்' இப்போது 'ரிப்பேர் இண்டெக்ஸ்' என்று பெயர் மாறியிருக்கிறது. 'ரிப்பேர் ஸ்னாப்ஷாட்ஸ்' என்பதை மட்டும் பதற்றத்தில் ஓட்டாதீர்கள். அது காணாமல் போன டேட்டாவை மீட்காது, கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் படிக்கும்படி ஆக்கும்.

டிஸ்க் கெடுவதை முன்கூட்டிப் பிடிக்க, மாதம் ஒருமுறை 'ரெஸ்டிக் செக் --ரீட்-டேட்டா-சப்செட்=1/12', அடுத்த மாதம் 2/12, இப்படியே. ஒரு வருடத்தில் மொத்த டேட்டாவும் ஒருமுறை படிக்கப்பட்டுவிடும். '5%' என்று கொடுத்தாலும் ஓடும், ஆனால் அது ஒவ்வொரு தடவையும் கண்டபடி பொறுக்குவதால் சில பகுதிகள் தப்பிக்கொண்டே இருக்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதும், கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தாமிரபரணி புகுந்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. உங்கள் சர்வர் தரைத்தளத்தில் மேஜைக்கு அடியில் இருந்தால் முதலில் மாடிக்கு ஏற்றுங்கள். இரண்டாவது பிரதியை வெளியூரில் வைக்கும்போது ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று அதே ஆற்றங்கரையில் வைக்காமல் நாகர்கோவில் மாதிரி வேறு பக்கம் பாருங்கள். அதற்கும் மேலே சொன்ன காப்பி கட்டளைதான். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 410 ஜிபி போய்ச் சேர ஏறக்குறைய நான்கு நாள் ஆகும், அதனால் முதல் பிரதியை டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். பிறகு தினசரி வித்தியாசம் மட்டும் '--லிமிட்-அப்லோட் 1000' வைத்துப் போகட்டும். அந்த எண் விநாடிக்குக் கிபிபைட் கணக்கில், ஏறக்குறைய 8 எம்பிபிஎஸ் வரும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி ஆடிட்டர் வீட்டுப் பீரோவில் ஒன்று இருக்கட்டும். பாஸ்வேர்ட் போனால் டேட்டா போனதுதான், எந்தக் கட்டளையும் உதவாது.

கடைசியாக மீட்பு, புதுப் பதிப்பில் உண்மையில் வளர்ந்திருப்பது இதுதான். இரண்டு தவறு எல்லோரும் செய்வது. 'லேட்டஸ்ட்' என்று கொடுத்தால் எட்டில் கடைசியாக எந்தக் கணினி பேக்கப் எடுத்ததோ அதுதான் வரும், கூடவே '--ஹோஸ்ட்' வேண்டும். இரண்டாவது, முன்பு டி டிரைவ் டேலி ஃபோல்டரை மீட்டால் இலக்குக்குள் டி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் டேலி என்று அடுக்காக வரும். 0.16 முதல் முக்காற்புள்ளி (கோலன்) போட்டு உள் ஃபோல்டரை நேரடியாகச் சொல்லலாம்:

ரெஸ்டிக் ரெஸ்டோர் லேட்டஸ்ட்:/டி/டேலி --ஹோஸ்ட் <கணினி> --டார்கெட் <சோதனை ஃபோல்டர்> --டிரை-ரன் --வெர்போஸ்=2

டிரைவ் எழுத்துக்குப் பின் கோலன் போடக்கூடாது, சாய்கோடும் முன்பக்கம் சாய்ந்தது. டிரை-ரன் எந்த ஃபைல் வரும், எது மாறும் என்று காட்டிவிட்டு ஒன்றும் எழுதாமல் நிற்கும். பட்டியல் சரி என்றால் அதை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். 0.17-இன் '--ஓவர்ரைட் இஃப்-நியூவர்' ஸ்னாப்ஷாட்டில் உள்ளது புதியதாக இருந்தால் மட்டும் மேலெழுதும், 'நெவர்' இருப்பதைத் தொடவே தொடாது. '--டெலீட்' ஸ்னாப்ஷாட்டில் இல்லாத ஃபைல்களை இலக்கிலிருந்து அழித்துவிடும், நேற்று மாலைக்குப் பின் அடித்த வவுச்சர்களும் அதில் அடக்கம். உயிரோடு இருக்கும் டேலி ஃபோல்டர் மீது அதை ஓட்டாதீர்கள்.

சோதனை ஃபோல்டரில் வந்து இறங்கியதும் ஃபைல் எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்திவிடாமல், டேலியில் டேட்டா பாதையை அந்த ஃபோல்டருக்கு மாற்றிக் கம்பெனியைத் திறந்து, பேக்கப் நாளின் ட்ரயல் பேலன்ஸை எடுங்கள். அன்று மாலை அச்செடுத்து வைத்த தாளில் உள்ள மொத்தமும் திரையில் உள்ள மொத்தமும் பைசா வரை ஒத்திருக்க வேண்டும். ஒக்கவில்லை என்றால் அன்றைய பேக்கப்பின் வெளியேறும் எண் 3-ஆ என்று பதிவு ஃபைலில் பாருங்கள்.